கப்பல் விலை, கரை விலை

காரைக்குடிச் சந்தைக்கு இருட்டுகிற நேரத்தில் போனால் கத்தரிக்காய் சல்லிசு. அந்தக் கணக்கு உல்லாசக் கப்பலில் எடுபடாது. வழியில் துறைமுகத்தில் இறங்கி ஊர் சுற்றிக் காட்டும் டூர் இருக்கிறதே, அதற்குக் கப்பல் ஏறுமுன் ஆன்லைனில் பெரும்பாலும் ஒரு விலை. ஏறின பிறகு கவுன்டரில் போய் நின்றால் கூடுதல் விலை. சீட்டும் தீர்ந்து போயிருக்கலாம்.

அதனால், சிங்கப்பூரில் ஏறுகிற கப்பலுக்கு டிக்கெட் எடுத்த கையோடு, போர்ட் கிளாங்கில் இறங்கி கோலாலம்பூர் பார்க்கிற டூரையும் போட்டுவிட்டேன். ஊர் சுமார் 40 கி.மீ. தள்ளி இருக்கிறது. டிராஃபிக்கில் மாட்டினால், கப்பல்காரர்களின் பஸ் என்றால் கப்பல் காத்திருக்கும். நாமாகப் பிடித்த டாக்ஸி என்றால் கரையில் நின்று டாட்டா காட்ட வேண்டியதுதான்!

போட்டதோடு விடவில்லை. வாராவாரம் விலை பார்த்தேன். இறங்கியதும் பழசை ரத்து செய்து புதுசாகப் போட்டேன். (எந்தத் தேதி வரை ரத்து செய்தால் முழுப்பணம் திரும்பும் என்பதை முதலில் படியுங்கள் சார்.)

அடுத்து பினாங்கு டூர். விலை பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பத்தா எட்டிப் பார்த்தார்.

"பினாங்குக்கு எதுக்குடா டூரு? உங்க பாட்டையா ராஜூலா கப்பல்ல போயி வட்டிக்கடை வச்ச ஊரில்ல!"

நியாயம்தான். கப்பல் நிற்கிற சுவெட்டன்ஹாம் துறையிலிருந்து லிட்டில் இந்தியா பொடிநடை தூரம். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படுகிற நகரத்தார் கோயில் வீடும் அங்கே பினாங்கு வீதியில்தான். தண்ணீர்மலை முருகனைப் பார்க்க மட்டும் டாக்ஸி போதும். டூர் காசு அப்படியே மிச்சம்.

மிச்சத்துக்கும் அப்பத்தா அப்போதே கணக்கு எழுதிவிட்டார். தண்ணீர்மலையான் உண்டியலுக்கு.