கடைசியா வந்தவனுக்கே முதல் மரியாதை

பரீட்சை முடிஞ்சு கை சும்மா இருக்கு. அதனால நாட்டுக்கு ரொம்பத் தேவையான ஒரு விஷயத்தைப் பத்தி எழுதலாம்னு உட்கார்ந்துட்டேன். ஒரு சீட்டாட்டம். ரம்மி இல்லீங்க, காசு வெச்சு ஆடுற ஆட்டமும் இல்ல (அதாவது, ஒரு தடவை தவிர. அந்த ஒரு தடவைதான் இந்தப் பதிவே).

ஆட்டத்தோட பேரு மேஜிக்: தி கேதரிங். ரிச்சர்ட் கார்ஃபீல்டுங்கிற கணித வாத்தியார் உருவாக்கி, 1993ல அமெரிக்காவுல வெளிவந்தது. ரெண்டு பேரும் மந்திரவாதிங்க. ஆளுக்கு 20 உயிர். கையில இருக்கிற கார்டுகளை வெச்சு மந்திரம் போடுவாங்க. எதிராளியோட உயிரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தா ஜெயிச்சாச்சு. சிங்கப்பூர்ல இருக்கிற என் சித்தப்பா பையன் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஷூ டப்பா நிறைய பழைய கார்டுகளை எனக்குத் தள்ளிவிட்டான். ஹாஸ்டலுக்குக் கொண்டுவந்தேன். ஒரே மாசத்துல எங்க மாடியில எட்டு பேருக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு.

சரி, மேட்டருக்கு வருவோம். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல மந்திரம் போட்டா எது முதல்ல பலிக்கும்?

மெஸ்ல தட்டு அடுக்கி வெச்சிருப்பாங்க இல்லையா? கடைசியா வெச்ச தட்டுதான் முதல்ல கைக்கு வரும். அதே கதைதான். நீங்க ஒரு மந்திரம் போட்டா அது உடனே நடக்காது. நடுவுல ஒரு அடுக்குல போய் உட்காரும், அதுக்குப் பேரு ஸ்டாக். "நீ ஏதாவது பண்றியா?"ன்னு எதிராளியைக் கேட்கணும். அவன் பதிலுக்கு ஒண்ணு போட்டா அது உங்களோடது மேல உட்காரும். அதுக்கு நீங்க இன்னொண்ணு போடலாம். ரெண்டு பேரும் அடுத்தடுத்து "போதும்"னு சொன்னாத்தான் மேல இருக்கிற ஒரே ஒரு மந்திரம் நடக்கும். அது முடிஞ்சதும் மறுபடி ரெண்டு பேருக்கும் வாய்ப்பு. இப்படியே அடி வரைக்கும்.

ஒரு உதாரணம். லைட்னிங் போல்ட்னு ஒரு கார்டு, 3 அடி கொடுக்கும். ஜயன்ட் குரோத்னு ஒண்ணு, ஒரு மிருகத்தோட பலத்தையும் தாங்கும் சக்தியையும் அந்த டர்ன் முடியிற வரைக்கும் மூணு மூணு ஏத்தும். க்ரிஸ்லி பேர்ஸ்னு ஒரு கரடி, பலம் 2, தாங்கும் சக்தி 2.

நான் கரடி மேல போல்ட் போடுறேன். நீங்க பதிலுக்கு ஜயன்ட் குரோத் போடுறீங்க. உங்களோடது மேல இருக்கு, அதனால முதல்ல நடக்கும். கரடி 5க்கு 5 ஆயிடும். அப்புறம் என் போல்ட் வந்து 3 அடிச்சா கரடி சொறிஞ்சுட்டுப் போயிடும் :)

இதையே திருப்பிப் போடுங்க. நீங்க அவசரப்பட்டு முதல்ல ஜயன்ட் குரோத் போட்டுட்டீங்க, நான் பதிலுக்கு போல்ட் போடுறேன். இப்போ போல்ட்தான் மேல. கரடி இன்னும் 2க்கு 2தான், செத்துடும். உங்க மந்திரம் தேடி வரும்போது கரடியே இல்ல. புஸ்வாணம்!

அதே ரெண்டு கார்டு, ரெண்டுக்கும் ஆளுக்கு ஒரு மானாதான் செலவு. யாரு பொறுத்திருந்தாங்கங்கிறது மட்டும்தான் வித்தியாசம்.

இப்போ கொசுவத்தி சுத்திக்கிறேன்.

போன வருஷம் எட்டு பேரும் ஆளுக்கு 50 ரூபாய் போட்டு ஒரு டோர்னமென்ட் வெச்சோம். ஜெயிக்கிறவனுக்கு மொத்தம் 400. ஃபைனல்ல நானும் எதிர் ரூம்காரனும். அவனுக்கு ஊரு சேலம், நாங்க கூப்பிடுறதும் சேலம்தான். என் உயிர் 4. என்கிட்ட தடுக்க ஒரு மிருகமும் இல்ல. அவன் கரடியை விட்டு அடிச்சான். நான் போல்ட் போட்டேன். அவன் சிரிச்சுக்கிட்டே ஜயன்ட் குரோத்தை எடுத்து மேல வெச்சான்.

"டேய், நான்தானடா முதல்ல போட்டேன்? என்னோடதுதான் முதல்ல நடக்கும்"னேன்.

"இல்ல மச்சி, பதிலுக்குப் போட்டா அதுதான் முதல்ல. கரடி அஞ்சு, நீ அவுட்"னான்.

எனக்கு நிஜமாவே தெரியாது மக்களே. டப்பாவோட விதிப் புத்தகம் எதுவும் வரல. அதுவரைக்கும் எங்க மாடியில நான் சொன்னதுதான் விதி. சுத்தி ஆறு பேரு பார்த்துட்டு இருக்காங்க, காதெல்லாம் சூடாயிடுச்சு. ஒரு வார்த்தை விட்டேன்: "கார்டு யாரோடது? நீ எனக்கு ரூல் சொல்லித் தர்றியா?"

அவன் ஒண்ணும் சொல்லல. கரடியை எடுத்துச் செத்த கார்டுகளோட வெச்சான். ரெண்டு டர்ன் கழிச்சு நான் ஜெயிச்சேன். 400 ரூபாயை வாங்கிப் பையில போட்டுக்கிட்டேன். சேலம் அதுக்கப்புறம் எங்க ரூம் பக்கம் வரல.

ஒரு மாசம் கழிச்சு போன்ல மேஜிக் அரீனா இறக்கினேன். அதுல கம்ப்யூட்டர்தான் நடுவர், அதுகிட்ட கார்டு யாரோடதுன்னு கேட்க முடியாது. நான் ஒரு அடி மந்திரம் போட்டேன். எங்கேயோ இருக்கிற எதிராளி பதிலுக்குத் தன் மிருகத்தைப் பெருசாக்கினான். ரெண்டு கார்டும் திரையில ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி நின்னுச்சு. மேல இருந்தது முதல்ல நடந்துச்சு. எனக்கு வயித்துல என்னமோ பண்ணுச்சு.

அப்புறம்தான் விதிகளைத் தேடிப் படிச்சேன். இருநூறு பக்கத்துக்கு மேல! இந்த ஸ்டாக் முறை 1999ல ஆறாம் பதிப்பு விதிகளோட வந்ததாம். அதுக்கு முன்னாடி குறுக்கிடுறதுக்குன்னே 'இன்டரப்ட்'னு தனி வகை மந்திரம் வெச்சிருந்திருக்காங்க. அதையெல்லாம் தூக்கிட்டு எல்லாருக்கும் ஒரே அடுக்குன்னு மாத்தியிருக்காங்க.

இதுல கேவலம் என்னன்னா, நான் பி.காம். சரக்கு மதிப்பீட்டுல ஃபிஃபோ, லிஃபோ ரெண்டையும் பக்கம் பக்கமா போட்டவன். கடைசியா வந்தது முதல்ல போறதுதான் லிஃபோ. நம்ம ஊரு கணக்கியல் தரநிலை 2 அதை ஒத்துக்காது, ஃபிஃபோ இல்லன்னா எடையிட்ட சராசரிதான். அமெரிக்காவுல லிஃபோவுக்கு இன்னும் அனுமதி இருக்கு. அமெரிக்க ஆட்டத்துக்கு நான் இந்தியத் தரநிலையைப் போட்டுட்டேன்னு சொல்லித் தப்பிக்கலாமான்னுகூட யோசிச்சேன். ஹி ஹி.

தப்பிக்கல. 400 ரூபாயை எடுத்துக்கிட்டுச் சேலம் ரூமுக்குப் போனேன். "நீ சொன்னதுதான்டா சரி"ன்னேன். "வேண்டாம்டா, வெச்சுக்கோ"ன்னு சொல்லுவான்னு எதிர்பார்த்தேன். வாங்கி எண்ணிப் பார்த்துப் பர்ஸ்ல வெச்சான்.

அப்புறம் சொன்னான்: "உனக்கு ரூல் தெரியாதுன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும். அது பரவால்ல. கார்டு யாரோடதுன்னு கேட்ட பாரு, அதுதான்டா."

அதுக்கு என்கிட்ட பதில் கார்டு எதுவும் இல்ல. பணத்தைத் திருப்பிக் கொடுத்தா கணக்கு முடிஞ்சிடும்னு நினைச்சுப் போனேன். ஆனா அவன் கேட்ட கணக்கு வேற. அத்தனை பக்கத்துக்கு விதி எழுதி வெச்சிருக்கிறதே டப்பாவோட சொந்தக்காரன் தீர்ப்பு சொல்லக்கூடாதுங்கிறதுக்குத்தானே? நான் முதல்ல பேசினவன், கார்டும் என்னோடது. ரெண்டும் சேர்ந்தா நியாயம்னு நினைச்சுட்டேன். "நீ ஏதாவது பண்றியா?"ன்னு எதிராளியைக் கேட்டுட்டு, அவன் சொல்றதை முதல்ல நடக்க விடணும்ங்கிறதுதான் ஆட்டமே.

சேலம் அந்த செமஸ்டர் முழுக்க ஆடல. இப்போ எப்பவாவது வர்றான். எங்க ரூம்ல ஒரு புது விதி போட்டிருக்கோம். சண்டை வந்தா விதியைத் தேடிப் படிக்கிறது கார்டு சொந்தக்காரனா இருக்கக்கூடாது. அந்த வேலை இப்போதைக்குச் சேலத்துக்கு. போன வாரம்கூட எனக்கு எதிரா ரெண்டு தீர்ப்பு. ரெண்டும் சரிதான், பாவி.

டிஸ்கி: கரடி மேல கையை வெக்கிறதுக்கு முன்னாடி எதிராளிகிட்ட எத்தனை மானா மிச்சம் இருக்குன்னு பாருங்க. ஒரே ஒரு பச்சை மானா இருந்தாலும் போதும், கவிழ்ந்துடுவீங்க. அனுபவஸ்தன் சொல்றேன். வர்ட்டா!