டெங்கிலில் ஓர் இடதுகைக் கித்தார்

தலைநகரிலிருந்து தெற்கே பயணம் போகிறவர்களில் பலர் டெங்கிலைப் பார்ப்பதில்லை, தாண்டிப் போய்விடுகிறார்கள். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இருப்பவர்கள் கே.எல். சென்ட்ரலில் விமான நிலையத்துக்குப் போகும் டிரான்சிட் ரயில் ஏறி, புத்ராஜெயா - சைபர்ஜெயா நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து வாடகைக் காரோ பஸ்ஸோ பிடிக்கலாம். கிள்ளான்காரர்கள் பந்திங் வழியாகவும் வரலாம். லங்காட் ஆற்றை ஒட்டிய சிறு பட்டணம் அது. பழைய ஈயக் குட்டைகள் இன்று பாயா இண்டா சதுப்பு நிலமாகியிருக்கின்றன. அங்கே முதலையும் நீர்யானையும் உண்டு, பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஆனால் நான் உங்களை அழைத்துப்போக நினைப்பது அங்கே அல்ல. தாமான் பெர்மாத்தா என்னும் அடுக்குமாடி வீடுகளுக்கு.

அங்கே குடியிருப்போர் யார் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இன்று புத்ராஜெயா நிற்கும் மண்ணில் முன்பு பால்மரங்கள் நின்றன. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921-இல் திறந்த தோட்டம் பேராங் பெசார். பெயரின் பொருளே 'பெரும் போர்' என்பதுதான். ரப்பர் ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்ற 'பி.பி.' மர வகைகள் அங்கேதான் உருவாயின. அந்த இரண்டு எழுத்தும் தோட்டத்தின் பெயரே. 1990களில் புதிய நிர்வாக நகருக்காகப் பேராங் பெசார், செட்ஜ்லி, கேலவே, மேடிங்லி ஆகிய தோட்டங்களின் நிலம் எடுக்கப்பட்டது. ஏறத்தாழ நானூறு குடும்பங்கள் டெங்கிலுக்கு வந்து சேர்ந்தன. அவர்கள் கேட்டது தரைவீடு, கிடைத்தது அடுக்குமாடி. அந்தக் கோரிக்கை எத்தனை ஆண்டுகள் இழுத்தது என்பதைப் பத்திரிகை படிப்பவர்கள் அறிவீர்கள். அதை இங்கே விரிக்கப்போவதில்லை.

லயத்தில் ஒரு வீட்டு வானொலி பத்து வீட்டுக்குக் கேட்கும். அடுக்குமாடியிலும் அப்படித்தான், சத்தம் பக்கவாட்டில் போகாமல் மேலும் கீழும் போகிறது, அவ்வளவே வித்தியாசம். ஒரு மாலை நேரம் மாணவர் ஒருவரின் வீட்டைத் தேடிப் படியேறிக்கொண்டிருந்தேன். மேல்மாடியிலிருந்து மின்சாரக் கித்தார் ஒலி வந்தது. விட்டு விட்டு, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பழகும் ஒலி. வாசித்தவர் பையன் அல்லர். ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அண்ணன். கித்தாரை இடதுகைக்காரர் பிடிப்பதுபோல் மாற்றிப் பிடித்திருந்தார்.

"எந்தப் பாட்டுண்ணே?" என்று கேட்டேன்.

"பாட்டு இல்ல சார், மான் கிடால்" என்றார்.

மலாய் ராக் இசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மலாயில் 'கிடால்' என்றால் இடதுகைப் பழக்கம். 1980களில் புகழ்பெற்ற 'லெஃப்ட்ஹேண்டட்' குழுவின் கித்தார் கலைஞர் மான் கிடால். குழுவின் பெயரிலும் இடதுகை, அவர் பெயரிலும் இடதுகை! பாடியவர் நாஷ். இந்தக் குழுவும், 1981-இல் ஜொகூர் பாருவில் தொடங்கிய 'சர்ச்' குழுவும், பிறகு 'விங்ஸ்' குழுவும்தான் அந்தக் காலத்து இளைஞர்களைப் பைத்தியமாக அடித்தவை.

இதில் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நம் தோட்டத்து வீடுகளில் கித்தார் ஒலி நுழைந்தது மலாய் ராக் வழியாக அல்ல; தமிழ்ச் சினிமா வழியாக. 1980-இல் 'மூடுபனி' வந்தது, 1982-இல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்தது. இளையராஜா தாமே கித்தார் வாசித்துப் பழகியவர் என்பதால் அவர் பாட்டுகளில் அது பக்கவாத்தியமாக நில்லாமல் முன்னுக்கு வந்து பேசிற்று. 'பயணங்கள் முடிவதில்லை'யில் இளையநிலாப் பாட்டின் முகப்பில் வரும் கித்தாரை வாயால் இசைத்துக் காட்டாத இளவட்டம் அன்று எந்தத் தோட்டத்தில் இருந்தது? ஆனால் அதை வாசித்தவர் யார் என்று கேட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. கேசட் அட்டையில் பாடியவர் பெயர் இருந்தது, இசையமைத்தவர் பெயர் இருந்தது. வாசித்த கை யாருடையது என்று இல்லை. அந்தக் கை ஆர். சந்திரசேகருடையது. நாம் வருடக்கணக்காக நேசித்த கலைஞருக்கு நம்மிடையே பெயரே இல்லாமல் இருந்தது. இது நியாயமா?

மலாய் ராக் குழுக்களின் வழக்கம் வேறு. குழுவில் ஐந்து பேர் என்றால் ஐந்து பேரின் முகமும் பெயரும் ரசிகனுக்குப் பாடம். 'சர்ச்' குழுவில் எமி பாடினார் என்பது எவ்வளவு பிரசித்தமோ, ஹில்லரி ஆங் கித்தார் வாசித்தார் என்பதும் அவ்வளவு பிரசித்தம். மலாய்க் குழுவில் சீனக் கலைஞர். அவருக்குத் தோட்டத்துத் தமிழ் ரசிகர்கள்! 1989-இல் 'இசபெல்லா' வந்தபோது அதன் கித்தார்ப் பகுதிக்காகவே கேசட்டைத் திருப்பித் திருப்பி ஓட விட்டவர்கள் உண்டு. பாட்டைக் கேட்டவன் ரசிகன். பாட்டு நின்று கித்தார் மட்டும் ஒலிக்கும் இடத்துக்காகக் காத்திருந்தவன்தான் கித்தார் ரசிகன் என்பது என் அபிப்பிராயம்.

அந்த அண்ணன் கதைக்கு வருகிறேன். பேராங் பெசாரில் பிறந்தவர். பதினேழு வயதில் பால்வெட்டுக்குப் போனார். இடதுகைக்காரர். இடதுகைக்காரனுக்குப் பால்வெட்டு என்ன பாடு என்று அனுபவித்தவர்களைக் கேளுங்கள். மரத்தில் வெட்டு இடப்புறம் மேலே தொடங்கி வலப்புறம் கீழே இறங்க வேண்டும். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேராக இல்லாமல் சற்றுச் சாய்ந்திருக்கின்றன. இந்தச் சாய்வில் வெட்டினால்தான் அதிகக் குழாய் அறுபட்டுப் பால் கூடுதலாக வரும். ஆகவே இடதுகைக்காரனுக்கென்று வெட்டைத் திருப்பிப் போட முடியாது, அவன்தான் திரும்ப வேண்டும். வீட்டில் இடதுகையால் சோறு எடுத்தால் அப்பா அடித்தார். பள்ளியில் பென்சிலை இடதுகையில் பிடித்தால் அங்கேயும் அடி. "என் கை தப்பான கைன்னே நெனச்சிருந்தேன் சார்" என்றார்.

பக்கத்துக் கம்பத்து மலாய் நண்பர் ஒருவர் 'லெஃப்ட்ஹேண்டட்' கேசட் ஒன்றை இரவல் கொடுத்தாராம். முதலில் பெயருக்காகத்தான் வாங்கிக்கொண்டார். இடதுகை என்று ஒரு குழுவுக்குப் பெயர் வைக்கலாமா என்ற ஆச்சரியம். அன்றிரவு கேட்டபோது சத்தம்தான் கேட்டது, பிடிக்கவில்லை. மறுநாள் பால் வெட்டிக்கொண்டிருக்கையில் ஓர் இடம் மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மத்தியானம் வந்து அந்த இடத்தைத் தேடிப் போட்டார். பிறகு தொலைக்காட்சியில் ஒரு நாள் பார்த்தார்: கித்தார் கழுத்து மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்க, ஒருவர் தம் இடதுகையால் கம்பிகளை மீட்டுகிறார், அரங்கமே கத்துகிறது. "அன்னைக்குத்தான் சார், கைய பார்த்துக்கிட்டேன்" என்றார்.

ரசிகனாவது இப்படித்தான் நடக்கிறது. முதல் தடவையே பிடித்துப்போனதாகச் சொல்கிறவர்களை நான் முழுக்க நம்புவதில்லை.

மின்சாரக் கித்தார் நம் காதுக்கு அவ்வளவு அந்நியமும் அல்ல. எஃகுக் கம்பிகளுக்கு அடியில் காந்தமும் அதைச் சுற்றிச் செப்புக் கம்பிச் சுருளும் இருக்கின்றன. கம்பி அதிரும்போது சுருளில் மெல்லிய மின்சாரம் பிறக்கிறது. பெருக்கி அதைப் பெரிதாக்குகிறது. அளவுக்கு மீறித் தூண்டினால் ஒலி கரகரத்துக் கிழிகிறது. ராக் இசைக்கு வேண்டியது அந்தக் கிழிசல்தான். ஒலி நீண்டு நிற்பதால் கலைஞர் கம்பியை விரலால் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை மெல்ல ஏற்றலாம், இறக்கலாம், அழ வைக்கலாம். வீணையில் கம்பியை இழுத்துக் கமகம் பிடிப்பதும் இதே வேலை. ஆடித் திருவிழாவில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காது, மான் கிடாலின் இழுப்பில் சொந்தக் குரலைக் கேட்டதில் வியப்பென்ன?

பெற்றோருக்கு அது கேட்கவில்லை. கித்தார் பிடித்த பிள்ளை கெட்டான் என்பது அன்றைய தீர்ப்பு. பினாங்கு ஆறுமுகம் சகோதரர்கள் டேவிட்டும் லோகநாதனும் 'அல்லிகேட்ஸ்' குழுவில் மலாயில் பாடித் தொலைக்காட்சியில் வரும்போது "நம்ம பையனுங்க" என்று பெருமைப்பட்ட அதே வீடுகள்தான்! 2007-இல் லோகநாதன் மறைந்தபோது எல்லா இனத்தாரும் வருந்தினார்கள். ராக் கலைஞர்களின் தலைமுடியோ அரசாங்கம் வரை போயிற்று. 1992-இல் நீளமுடிக் கலைஞர்களை ஆர்.டி.எம். தொலைக்காட்சியில் காட்டக் கூடாது என்று தடை வந்து, முன்னணிக் குழுவினர் முடியை வெட்டிக்கொண்டார்கள். நம் அண்ணனின் முடியை அவர் அப்பா அதற்கு முன்பே வெட்டிவிட்டிருந்தார்.

தோட்டம் மூடி வீடு மாறியபோது ஒரு பிஸ்கட் டின் நிறையக் கேசட் கொண்டுவந்தாராம். நாடாவில் பூஞ்சை பிடித்து இப்போது ஓடாது. கித்தாரை வாங்கியது நாற்பது வயதுக்கு மேல், தொழிற்சாலைச் சம்பளத்தில். கேட்டுக் கேட்டே பழகிக்கொண்டார். சுமாராகத்தான் வாசிக்கிறார், பொய் சொல்வானேன்!

நான் தேடிப் போன மாணவி அவருடைய பேத்தி. அவளும் இடதுகைதான். வலதுகையில் எழுதப் பழக்கும்படி அவள் பாட்டி என்னிடம் கேட்டுக்கொண்டார். முடியாதென்று சொன்னேன். அண்ணன் ஒன்றும் பேசவில்லை, எனக்குத் தேநீர் ஊற்றினார்.

உங்கள் வீட்டிலும் இடதுகைப் பிள்ளை கித்தார் கேட்கலாம். இடதுகைக் கித்தார் எல்லாக் கடையிலும் இராது, விலையும் சற்றுக் கூடுதல். அதற்காக மனம் தளர வேண்டாம். 1970-இல் 27 வயதில் இறந்த அமெரிக்கக் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இடதுகைக்காரர். வலதுகைக் கித்தாரையே திருப்பிப் பிடித்துக் கம்பிகளை மாற்றிக் கட்டி வாசித்தார். அப்படிச் செய்வதானால் ஆறு கம்பிகளின் வரிசையையும் மாற்ற வேண்டும். கழுத்தின் உச்சியில் கம்பிகள் உட்காரும் சிறு கட்டையையும் மாற்றச் சொல்லுங்கள், தடித்த கம்பி மெல்லிய கம்பியின் பள்ளத்தில் உட்காராது. டெங்கில் அண்ணன் தம்முடையதை அப்படித்தான் மாற்றினார். பழைய கட்டையை எறிந்துவிட்டு, தேய்ந்த பல்துலக்கியின் பிடியை அறுத்து, அரத்தால் பள்ளம் தேய்த்து ஒட்டியிருக்கிறார். நன்றாகவே நிற்கிறது.