சாற்றுகவியும் திறவுகோலும்

ஜாவாவோடு வரும் கீடூல் என்னும் கருவி, புதிய திறவுகோல் இணையை உருவாக்கும்போது உங்கள் முதற்பெயரும் கடைசிப்பெயரும் யாவை என்று கேட்கும். தந்தை பெயரின் தலைப்பெழுத்தோடு வாழ்ந்து பழகிய நமக்கு இக்கேள்வியே ஒரு சங்கடம். அது வேண்டுவதோ மனிதப் பெயரை அன்று. தளத்தின் இணைய முகவரியை. எங்கள் துறையின் சுவடி அட்டவணையை டாம்கேட் வழங்கியில் ஏற்றித் தந்தவர் தம் பெயரையே தலைப்பெழுத்தோடு எழுதிச் சென்றிருந்தார். (குரோம் உலாவி 2017இல் வந்த 58ஆம் பதிப்பு முதல் அவ்விடத்தைப் பார்ப்பதேயில்லை; மாற்றுப்பெயர்ப் பகுதியை மட்டுமே பார்க்கிறது. கருவி மட்டும் பழைய கேள்வியை விடவில்லை.)

போதாததற்கு, அது தனக்குத்தானே ஒப்பமிட்டுக்கொண்ட சான்றிதழ். தம் நூலுக்குத் தாமே சாற்றுகவி பாடிக்கொண்ட புலவரை யார் நம்புவர்? உலாவி எச்சரித்தது. எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் மேலே செல்க என்று ஆய்வகக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. அதுதான் என்னை உறுத்தியது. முதன்முதலாகக் கணினியைத் தொடும் பிள்ளைகள் பலர் எங்களிடம் படிக்கிறார்கள். இங்கே பழகியதையே நாளை வங்கிக் கணக்கின் வாசலிலும் செய்வார்கள்.

நிற்க. கல்லூரி முறையான சான்றிதழ் வாங்கியது. நிறுவியவுடன் தளம் அடியோடு நின்றது.

"ஐயா, டாம்கேட் ஓடுது. 8443 மட்டும் திறக்கவே மாட்டேங்குது" என்றார் ஆய்வக உதவியாளர்.

உலாவியை வெறித்துப் பார்ப்பதில் பயனில்லை. பதிவுக் கோப்பைத்தான் படிக்க வேண்டும். முதல் செய்தி எளிது: கீஸ்டோர் கோப்பைக் காணோம். இடம் சொல்லாவிட்டால் டாம்கேட் தன்னை இயக்கும் பயனரின் இல்ல அடைவில் தேடும். கோப்போ வேறொருவர் அடைவில் இருந்தது. முழுப் பாதையையும் சர்வர்.எக்ஸ்எம்எல்லில் எழுதியதும் அது தீர்ந்தது. கடவுச்சொல் 'சேஞ்ச்இட்' என்றே இருந்தது. மாற்று என்று தன் பெயராலேயே கெஞ்சும் அந்த இயல்புச் சொல்லை மாற்றுவோர் அரியர்.

அடுத்த செய்தியில்தான் இரண்டு நாள் போயிற்று: குறிப்பிட்ட புனைபெயர் எந்தத் திறவுகோலையும் சுட்டவில்லை. சான்றிதழ் கண்ணெதிரே இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் சான்றிதழ் என்பது சாற்றுகவிதான். இந்தப் பெயரும் இந்தப் பொதுத்திறவுகோலும் ஒன்றுக்கொன்று உரியவை என்று பிறர் இட்ட கையொப்பம். நூல், அதாவது தனித்திறவுகோல், விண்ணப்பம் உருவான கீஸ்டோருக்குள் கிடக்கிறது. நிறுவியவர் புதிதாக ஒரு கீஸ்டோர் திறந்து, வந்த கோப்புகளை அதில் இட்டிருந்தார். பாயிரத்தைப் படியெடுத்துவிட்டு நூலை விட்டுவிட்ட கதை. கீடூலிடம் பட்டியல் கேட்டால் இது உடனே தெரியும்: 'பிரைவேட்கீஎன்ட்ரி' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'டிரஸ்டட்செர்ட்என்ட்ரி' என்றிருந்தது.

பழைய கீஸ்டோர் நல்லவேளையாக அழிக்கப்படாமல் இருந்தது. தொலைந்திருந்தால் புதிய இணை, புதிய விண்ணப்பம், புதிய சான்றிதழ் என்று முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அதில் மூலச் சான்றிதழ், பிறகு இடைநிலைச் சான்றிதழ், கடைசியாக எங்களுடையது என்று வரிசையாக ஏற்றினோம். கடைசியது மட்டும் விண்ணப்பம் பிறந்த அதே புனைபெயரில் ஏற வேண்டும். இடையில் ஒருவர் விடுபட்டால் சங்கிலி அமையவில்லை என்று கருவி மறுத்துவிடும். சாமிநாதையரின் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்று சொன்னால்தான் உள்ளே விடுவேன் என்பதுபோல! எனக்கு அந்தப் பிடிவாதம் பிடித்திருந்தது.

கதவிலிருந்த அறிவிப்பைக் கிழித்தாயிற்று. ஆனால் இவ்வேலை ஒருமுறையோடு முடிவதன்று. இத்தகைய சான்றிதழ்களின் ஆயுளை 2029 மார்ச் முதல் 47 நாளாகக் குறைப்பதென 2025இல் முடிவாகியிருக்கிறது. புதுப்பிப்பைத் தானியங்கியாக்க உதவியாளர் முயன்றுகொண்டிருக்கிறார். புதிய கோப்பை வைத்தாலும், தனியாக ஏற்பாடு செய்தாலொழிய டாம்கேட் அதைத் தானாகத் திறந்து படிக்காது என்பதை நேற்றுத்தான் கண்டுபிடித்தார்.