விடியாத மார்கழி

நார்வேயின் வடகோடியில் இருக்கும் ட்ரோம்சோ நகரத்தில், நவம்பர் 27 வாக்கில் அடிவானத்துக்குக் கீழே போகிற சூரியன் ஜனவரி 15 வரை மேலே வருவதில்லை. வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தால் என் சொந்த ஊரான கான்சாபுரத்துக்கும் இந்த ஊருக்கும் நடுவே வடக்கு நோக்கி ஏறக்குறைய 60 பாகை. வேலைக்காக வந்த இடத்தில், பகல் என்ற ஒன்றே இல்லாத கிறிஸ்துமஸ் எனக்கு வாய்த்தது.

பகல் இல்லை என்றாலும் அது கன்னங்கரிய இருட்டு அல்ல. காலை ஒன்பதரை, பத்து மணிக்குத் தென்கிழக்கு மலைகளுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் கசியத் தொடங்கும். பனி நீலமாகும், கடல் நீலமாகும், எதிரே வருகிறவர் முகத்திலும் அந்த நீலம் படியும். பதினொன்றரைக்கு மலைவிளிம்பில் ரோஜா நிறம் ஏறும். இதோ சூரியன் வந்துவிடும் என்று உடம்பு நம்பிக்கொண்டு காத்திருக்கும். வராது. மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு நிமிர்ந்தால் தெருவிளக்குகள் மட்டும்தான்.

எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இந்த வெளிச்சம் புதிதல்ல. ஆண்டாள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சீமையில் மார்கழி என்றால் விடியுமுன்னே ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கும். வத்திராயிருப்பு, கூமாபட்டி, கான்சாபுரம் எங்கும் வாசல் தெளித்துக் கோலம் போட்டு நடுவில் பூசணிப்பூ வைப்பார்கள். மேற்கே மலை மட்டும் கறுப்பாகத் தெரியும். அதே தெருவில் எங்கள் வீட்டு வாசலில் மூங்கில் சிம்பில் கலர்த்தாள் ஒட்டிய ஸ்டார் தொங்கும். கிறிஸ்துமஸ் எப்போதும் மார்கழி ஒன்பதிலோ பத்திலோதான் வரும். குடிலுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டே நான் கேட்டு வளர்ந்த பாட்டு திருப்பாவைதான். அந்த விடியற்காலை அரை மணி நேரத்தை இழுத்து ஏழு வாரத்துக்கு நீட்டிவைத்தது போல இருந்தது ட்ரோம்சோ.

இங்கேயும் ஸ்டார் உண்டு. கிறிஸ்துமஸுக்கு நான்கு ஞாயிறு முன்பே ஒவ்வொரு வீட்டுச் சன்னலிலும் காகித நட்சத்திரம் ஒன்றோ, ஏழு விளக்கு வைத்த தண்டு ஒன்றோ ஏறிவிடும். திரைச்சீலையை யாரும் இழுத்து மூடுவதில்லை. இரவுப் பணி முடிந்து மேட்டுத்தெருவில் நடந்து வரும்போது மலைச்சரிவு நெடுக அந்த மஞ்சள் வெளிச்சம் வழி காட்டும். கால்வாய்போல ஒடுங்கிய கடலுக்கு அக்கரையில், 1965-இல் கட்டிய ஆர்க்டிக் கதீட்ரல் முக்கோண முக்கோணமாக ஒளிர்ந்துகொண்டு நிற்கும். அங்கே போக 1960-இல் திறந்த பாலம் ஒன்று இருக்கிறது, ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். டிசம்பர்க் காற்றில் அதை நடந்தே கடப்பதற்குத் தனி மனத்திடம் வேண்டும்.

எனக்கு மீன் ஆலையில் குளிர்பதன இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பண்டிகைக்கு ஆலையைப் பூட்டலாம், கிடங்கின் குளிரை நிறுத்த முடியாது. 24-ஆம் தேதி காலையில் முறைப்பணி எனக்கு விழுந்தது. அம்மோனியா கம்ப்ரசரின் எண்ணெய் மட்டத்தைக் கண்ணாடிச் சில்லு வழியே பார்க்க வேண்டும். அழுத்தமானிகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். பேரிங் சத்தத்தில் மாறுதல் இருக்கிறதா என்று காது கொடுக்க வேண்டும். கிடங்குக்குள் காயில்களில் உறைபனி அளவுக்கு மீறிப் படிந்திருந்தால் உருக்கிவிட வேண்டும். உள்ளே மைனஸ் 25, வெளியே மைனஸ் 6. கதவைத் திறந்து தெருவுக்கு வந்தபோது ஆர்க்டிக் காற்று இதமாகப் பட்டது. இவ்வளவு வடக்கே இருந்தும் தெற்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டத்தால் இந்தத் துறைமுகம் உறைவதில்லை.

நார்வேக்காரர்களுக்குப் பண்டிகை 25 அல்ல, 24-தான். காலையில் தொலைக்காட்சியில் 1973-இல் வந்த செக்கோஸ்லோவாக்கிய சிண்ட்ரெல்லா படத்தை ஆண்டு தவறாமல் போடுகிறார்கள், நாடே உட்கார்ந்து பார்க்கிறது. மதியம் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறார்கள். பனியைக் கையால் தோண்டி, கல்லறைக்கு முன்னால் விளக்கை இறக்கி வைக்கிறார்கள். நம் ஊரில் கல்லறைத் திருநாளன்று நவம்பர் 2-இல் செய்வதை இவர்கள் கிறிஸ்துமஸோடு சேர்த்திருக்கிறார்கள். இறந்தவர்களுக்குச் சொல்லிவிட்டுப் பண்டிகையைத் தொடங்குவது எனக்குச் சரியென்றே பட்டது. நான்கு மணிக்குமேல் கடை திறக்கக் கூடாது என்பது சட்டம். ஐந்து மணிக்கு எல்லாத் தேவாலயங்களிலும் மணி அடிக்கும். அதற்குப் பிறகு தெருவில் ஆளே கிடையாது.

அதுதான் என்னை அசைத்துவிட்டது. எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் தெருவில் நடக்கிற காரியம். டோலக்கோடு பாடிக்கொண்டு வீடு வீடாகப் போவோம். சிவகாசி பக்கத்திலேயே இருப்பதால் வெடிக்குக் குறைச்சலே இருக்காது. இங்கே வெடி என்றால் டிசம்பர் 31 இரவுக்கு மட்டும்தான். கிறிஸ்துமஸ் கதவுக்கு உள்ளே, குடும்பத்துக்குள்ளே. வெளியில் நிற்பவனுக்குச் சன்னல் நட்சத்திரம் மட்டும் தெரியும்.

இந்தியாவுக்கும் இங்கேயும் நாலரை மணி நேர வித்தியாசம். எங்கள் ஊர் நடுச்சாமப் பூசை தொடங்குகிறபோது எனக்கு இரவு ஏழரை. போனில் தம்பி காட்டினான். பட்டுச்சேலைகள், குடில், அதற்குள் முளைக்கவிட்ட நெல் நாற்று, பூசை முடிந்ததும் காதைப் பிளக்கும் சரவெடி. அம்மா போனை வாங்கி, “யய்யா, சாப்ட்டியா? அங்கன துணைக்கு யாரும் இருக்காகளா?” என்றாள். “இருக்காகம்மா” என்றேன். அப்போது கோயிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ட்ரோம்சோவின் கத்தோலிக்க ஆலயம் 1861-இல் கட்டிய சிறிய மரக்கோயில். அன்னை மரியாள் பெயரில் இருக்கிறது. 1989-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் இந்த ஊருக்கு வந்துபோயிருக்கிறார். அன்றிரவு அங்கே போலந்துக்காரர்களும் பிலிப்பைன்ஸ்காரர்களும் நெருக்கியடித்து நின்றார்கள். கடைசி வரிசையில் ஒரு குடும்பம். அந்தப் பெரியவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே தமிழ் என்று தெரிந்துவிட்டது. “தம்பி எவடம்?” என்றார். “விருதுநகர் பக்கம் அண்ணாச்சி” என்றேன். “அப்ப வீட்ட வாங்கோ, மனுசி ஆட்டிறைச்சிக் கறி வைச்சிருக்கிறா.”

யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரர். 1980-களில் வந்து, இன்னும் வடக்கே ஃபின்மார்க் கடற்கரையில் மீன் வெட்டும் ஆலையில் நின்றவர். அந்தக் கடலோரச் சிற்றூர்களில் இலங்கைத் தமிழர்கள் பலர் அப்படி வேலை செய்திருக்கிறார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் தெற்கே நகரங்களுக்குப் போய்விட, மீன் நகரும் பட்டைக்கு முன்னால் நின்று கத்தி பிடித்தவர்கள் யாழ்ப்பாணத்தார்கள். பிற்பாடு பெரும்பாலோர் ஆஸ்லோ பக்கம் நகர்ந்தார்கள். நார்வேயோடு தமிழருக்கு உள்ள இந்த உறவின் தொடக்கம் 1956-இல் இருக்கிறது. அந்த ஆண்டு நார்வேக்கு வந்து சேர்ந்த அந்தோனி ராஜேந்திரம் என்ற குருநகர்த் தமிழர், மீன்பிடித் தொழிலைக் கற்றுக்கொண்டு 1967-இல் சீநோர் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் வழியே யாழ்ப்பாணப் பக்கத்தில், காரைநகரில் படகு கட்டினார்கள், குருநகரில் வலை பின்னினார்கள். ராஜேந்திரத்தின் பேரைச் சொல்லும்போது அண்ணாச்சி சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். இவரைப்போன்ற ஒருவரைப் பற்றித் தமிழ்நாட்டில் நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. செங்கோட்டை தாண்டினால் வரும் கொல்லத்துக்குப் பக்கத்தில், நீண்டகரையில், 1952 ஒப்பந்தத்தின்படி நார்வேக்காரர்கள் வந்து விசைப்படகு கட்டிக்கொடுத்த கதையும் அப்படித்தான்.

அவர் வீட்டிலிருந்து திரும்பும்போது வானம் திறந்தது. முதலில் மலைக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, மேகம் என்று கடந்துபோகத் தக்கது. அது பச்சையாகி, மடிந்து, விரிந்து, நகரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடியது. விளிம்பில் கணநேரம் இளஞ்சிவப்பு. சத்தமே இல்லை. சூரியனிலிருந்து கிளம்பிய மின்துகள்கள் பூமியின் காந்தப்புலத்தால் துருவப் பக்கம் இழுக்கப்பட்டு, நூறு கிலோமீட்டருக்கு மேலே ஆக்சிஜனில் மோதுவதால் அந்தப் பச்சை. கிறிஸ்தியான் பிர்க்கலான் என்ற நார்வே அறிவியலாளர் இதைப் புரிந்துகொள்ள 1899-இல் ஆல்டாவுக்கு அருகே மலையுச்சியில் ஆய்வுக்கூடம் அமைத்து, பனிப்புயலில் குளிர்காலம் கழித்தார். காற்றை வெளியேற்றிய பெட்டிக்குள் காந்தமேற்றிய சிறு கோளம் ஒன்றை வைத்து இந்த ஒளியையே செய்துகாட்டவும் பார்த்தார். ஏழு வாரம் கண்ணில் படாத சூரியனின் வேலைதான் இது என்பதை நினைக்க நினைக்க எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கழுத்து வலிக்க நின்றேன்.

மறுநாள் 25. ஆசியக் கடையில் வெல்லம் வாங்கி வைத்திருந்தேன். அதிரசம் சுட்டேன், முறுக்கும் பிழிந்தேன். ஊரில் என்றால் முதல் தட்டு அடுத்த வீட்டு இந்துக் குடும்பத்துக்கும் ராவுத்தர் வீட்டுக்கும் போய்விட்டுத்தான் எங்களுக்குச் சாப்பாடு. தட்டை ஏந்திக்கொண்டு கீழ்வீட்டுக் கிழவியின் அழைப்புமணியை அழுத்தினேன். குடும்ப நாளில் இப்படி யாரும் வருவதில்லையாம், திகைத்துத்தான் நின்றார். பிறகு கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். மகன் தெற்கே இருக்கிறானாம். அதிரசத்தைப் பிட்டு முகர்ந்து, ஏலக்காய் என்று கண்டுபிடித்துவிட்டார். இவர்கள் இனிப்பு ரொட்டியிலும் அதுதான் மணக்கிறது.

அவர் பால்கனியில் ஓட்ஸ் கதிர்க்கட்டு ஒன்று கம்பியில் கட்டித் தொங்கியது. கிறிஸ்துமஸுக்குப் பறவைகளுக்கு வைக்கும் பங்கு என்றார். அறுப்பு முடிந்ததும் என் தாத்தா நெற்கதிரைக் கொத்தாகப் பின்னிக் குருவிக்காக வாசல் உத்தரத்தில் தொங்கவிடுவார் என்று சொன்னேன். அதை எப்படிப் பின்னுவது என்று கேட்டார். நூல்கண்டை எடுத்துவந்து மேசையில் வைத்தார். ஓட்ஸ் தாளில் நான் காட்டிக்கொடுத்தேன். தாத்தா கை போட்ட முடிச்சு அப்படியே வந்தது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது இந்த ஊருக்கு வேலைக்கு வருவதாக இருந்தால் ஒன்று சொல்வேன். 24-ஆம் தேதி மதியத்துக்குள் பாலும் ரொட்டியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், 27 வரை கடை கிடையாது. வெல்லத்தை நவம்பரிலேயே வாங்கிவிடுங்கள், டிசம்பரில் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. சன்னல் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு உங்கள் அறைக்குத் திரும்பிவிடாதீர்கள். தட்டோடு போய்க் கதவைத் தட்டுங்கள், திறக்கிறார்கள்.