ரெண்டு வாங்கினா நாலு கொடு!

உங்க வீட்டு ஆல்பத்தை ஒரு தடவை புரட்டிப் பாருங்க. தாத்தா பட்டு வேட்டியில, பாட்டி புதுப் புடவையில, ரெண்டு பேர் கழுத்திலயும் ரோஜா மாலை, சுத்திலும் கலசங்கள்... இப்படி ஒரு போட்டோ இருக்கா? இருந்தா, அநேகமா அது எங்க ஊர்ல எடுத்ததுதான். எங்க ஊர் திருக்கடையூர்!

எல்லா ஊர்லயும் கல்யாணம்னா மாப்பிள்ளைக்கு இருபத்தெட்டு வயசு இருக்கும். எங்க ஊர் மாப்பிள்ளைக்கு அறுபது, எழுபது, எண்பது. முகூர்த்த நாளா இல்லையான்னு யாரும் பார்க்கிறதில்லை, வருஷம் பூரா கெட்டிமேளம்தான். மார்க்கண்டேயனைப் பிடிக்க வந்த எமனை சிவன் காலால் உதைச்ச தலம் இது. அந்தப் பையனுக்கு 'என்றும் பதினாறு' வரம் கிடைச்சது இங்கேதான். அதனால ஆயுள் வேணும்னு கேக்கிறவங்க எல்லாரும் அமிர்தகடேஸ்வரரையும் அபிராமியையும் தேடி பஸ், வேன் பிடிச்சு வந்துடறாங்க.

நான் காலேஜ்ல மூணாவது வருஷம். சனி, ஞாயிறுகள்ல கல்யாண மண்டபத்துல பந்தி பரிமாறப் போவேன். பாக்கெட் மணியும் ஆச்சு, பாயசமும் ஆச்சு! பந்தி முடிஞ்சதும் மண்டபத்தின் பின்பக்கம் ரெண்டு குவியல் சேரும். ஒண்ணு, எச்சில் இலை, வாழைமட்டை, உதிர்ந்த பூ. இதுல பாதியை மாடு தின்னுடும், மீதி எருக்குழிக்குப் போயிடும். பத்து நாள் கழிச்சு வந்து பார்த்தா மண்ணோட மண்ணா கிடக்கும். இன்னொண்ணு, தண்ணி பாட்டில், டம்ளர், மேஜை விரிப்பு, ஜிகினா அலங்காரம். இந்தக் குவியல் என்ன ஆகும்? எரியும். இல்லைன்னா காத்துல பறந்து வாய்க்கால்ல விழும். பத்து வருஷம் கழிச்சு வந்தாலும் அங்கேயேதான் கிடக்கும். தாத்தாவுக்கு நூறு ஆயுசு கிடைக்குதோ இல்லையோ, அந்த டம்ளருக்கு நிச்சயம் கிடைச்சுடும்!

'தடை போட்டாச்சே பாஸ்'னு நீங்க சொல்றது கேக்குது. உண்மைதான். ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப்போடற 14 வகை பிளாஸ்டிக் பொருளுக்கு 2019 ஜனவரி 1-ல இருந்து தமிழ்நாட்டுல தடை இருக்கு. 2021 டிசம்பர்ல 'மீண்டும் மஞ்சப்பை' திட்டமும் வந்துச்சு. ஆனா 'க்ரீன்'னு பேர் வெச்சு நம்ம கைக்கு வர்ற பாதிப் பொருள் டூப்ளிகேட். தாம்பூலம் போட்டுக் கொடுக்கிற, துணி மாதிரி மெத்துன்னு இருக்கிற பையைத் தொட்டுப் பார்த்திருக்கீங்களா? 'நான்-ஓவன்'னு சொல்வாங்க. அது துணியே இல்லை, பாலிபுரொப்பலீன் பிளாஸ்டிக். தடைப் பட்டியல்ல அதுவும் இருக்கு. பேப்பர் கப்? காபி ஒழுகாம இருக்க உள்ளே ஒரு பிளாஸ்டிக் பூச்சு. அதுவும் பட்டியல்ல இருக்கு. பச்சை நிறத்துல அச்சடிச்ச பேப்பர் வாழையிலையைப் பார்த்தா, நிஜ வாழைக்கே வெட்கமா இருக்கும்.

அப்போ எது நிஜமான க்ரீன்? எனக்கு விடை கிடைச்சது மண்டபத்துல இல்லை, எங்க வயல்ல.

எங்களுக்கு ஆறு மா நிலம். சென்னை ஃப்ரெண்ட்ஸுக்காக ஒரு கணக்கு: மூணு மா ஒரு ஏக்கர். மேட்டூர் அணையில திறக்கிற காவிரித் தண்ணி தஞ்சாவூர், கும்பகோணமெல்லாம் சுத்திட்டு, கடைசியா 'நீங்க இன்னும் இருக்கீங்களா?'ன்னு விசாரிக்கிற இடம் எங்க பக்கம். கடைமடை! தண்ணி வேணும்ங்கிறப்ப வராது, வேண்டாம்ங்கிறப்ப ஊர்த் தண்ணி முழுக்க எங்க வயல் வழியாத்தான் கடலுக்குப் போகும். கடலும் கூப்பிடு தூரம்தான். 2004 சுனாமி வந்த வருஷத்துலதான் நான் பிறந்தேன். அப்போ கடற்கரையோர வயல்கள்ல ஏறின உப்பைப் பத்தி ஊர்ல இன்னும் பேசுவாங்க.

2022 நவம்பர்ல பக்கத்துச் சீர்காழியில ஒரே நாள்ல 44 சென்டிமீட்டர் மழை கொட்டுச்சு, ஞாபகம் இருக்கா? எங்க சம்பாப் பயிர் ஒரு வாரம் தண்ணிக்குள்ள கிடந்து அழுகிப்போச்சு. 2023-ல நேர் எதிர், ஆத்துல தண்ணியே பத்தலை. ரெண்டு வருஷ நஷ்டம், கூட்டுறவு சங்கத்துக் கடன், என் செமஸ்டர் ஃபீஸ். ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது அப்பா நிதானமாச் சொன்னார்: 'வித்துடலாம்னு இருக்கேன்.' யாரும் பேசலை. ஊருக்கே ஆயுள் கொடுக்கிற ஊர்ல, எங்க வயலுக்கு ஆயுள் முடிஞ்சுடுச்சு போலன்னு நினைச்சேன்.

அப்பத்தான் திருத்துறைப்பூண்டி மாமா ஒரு மஞ்சப்பையோட வந்தார். உள்ளே ரெண்டு கிலோ விதைநெல். 'அக்கா, இது கடன். அடுத்த வருஷம் நாலு கிலோவாத் திருப்பணும்'னார்.

இந்த ரெண்டுக்கு நாலு கணக்கு மாமாவோடது இல்லை. கட்டிமேடு ஜெயராமன்னு ஒருத்தர், ஊரே 'நெல்' ஜெயராமன்னு கூப்பிட்டுச்சு. 2003-ல இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வாரோட பூம்புகார்ல இருந்து கல்லணை வரைக்கும் நடந்தார். அப்போ விவசாயிகள்கிட்ட மிச்சமிருந்த சில பாரம்பரிய ரகங்கள் கிடைச்சது. அதுல இருந்து தேடித்தேடி சுமார் 170 ரகம் சேர்த்தார். சேர்த்ததைப் பூட்டி வைக்காம, திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்துல வருஷா வருஷம் நெல் திருவிழா நடத்தினார். வர்றவங்களுக்கு 2 கிலோ விதை இலவசம். ஒரே கண்டிஷன், அடுத்த வருஷம் 4 கிலோ கொண்டுவரணும். பேங்க்தான், ஆனா வட்டியும் நெல்லுதான்! அவர் 2018 டிசம்பர்ல புற்றுநோயால காலமானார். அந்தக் கணக்கு மட்டும் இன்னும் கைமாறிக்கிட்டே இருக்கு. அதுல ஒரு கைதான் எங்க மாமா.

மாமா கொண்டுவந்த ரகம் மாப்பிள்ளைச் சம்பா. அந்தக் காலத்துல இளவட்டக்கல் தூக்கப்போற மாப்பிள்ளைக்கு இந்த அரிசிச் சோறு போட்டுத் தேத்துவாங்களாம். க்ளாஸ்ல பேரைச் சொன்னதும் 'என்ன மாப்ளே, சம்பா ரெடியா?'ன்னு ஒரு மாசம் ஓட்டினாங்க. அப்பா சிரிக்கலை. 'நூத்தி அறுபது நாள் பயிர். விளைச்சல் கம்மி. எவன் வாங்குவான்?' அம்மாதான் முடிச்சு வெச்சாங்க: 'ஒரே ஒரு மா. மீதி அஞ்சு மா உங்க இஷ்டம்.'

2024 ஆடி கடைசியில நாத்து விட்டோம். ரெண்டு கிலோ விதை ஒரு மாவுக்கு எப்படிப் பத்தும்னு கேப்பீங்க. ஒரு குத்துக்கு ஒரே நாத்து! 1980-கள்ல மடகாஸ்கர்ல ஹென்றி டி லாலனிங்கிற பாதிரியார் விவசாயிகளோட சேர்ந்து உருவாக்கின முறை, சுத்திச்சுத்தி நம்ம டெல்டாவுக்கு வந்திருக்கு. நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் மழை. அஞ்சு மாவும் முழுகிடுச்சு. இந்த ஒரு மாவுல மட்டும் பயிர் இடுப்பு உயரத்துக்கு மேல வளர்ந்து, தண்ணிக்கு வெளியே தலையை நீட்டிக்கிட்டு நின்னுச்சு.

உடனே விசில் அடிச்சுடாதீங்க. முழு கணக்கையும் சொல்லிடறேன். அந்த ஒரு மாவுல ஆறு மூட்டை வந்துச்சு. நல்ல வருஷத்துல புது ரகம் ஒம்பது மூட்டை கொடுக்கும். உயரமான பயிர் சாஞ்சதால மெஷின் அறுப்பு படாதபாடு. ஆனா உர மூட்டை வாங்கலை, மருந்து அடிக்கலை, மாட்டுக்கு வைக்கோல் தாராளம். மாமாவுக்கு நாலு கிலோ திருப்பிக் கொடுத்தாச்சு. அதுல ரெண்டு கிலோ இப்போ தரங்கம்பாடி பக்கம் ஒருத்தர் வயல்ல.

அப்போ புது ரகமெல்லாம் வில்லனா? அதுவும் இல்லை. வெள்ளத்தைத் தாங்கற 'சப்-1'னு ஒரு மரபணுவை விஞ்ஞானிகள் 2006-ல அடையாளம் கண்டாங்க. அதைச் சேர்த்த சி.ஆர்.1009 சப்-1 ரகம் ரெண்டு வாரம் வரைக்கும் முழுகிக் கிடந்தாலும் தாக்குப்பிடிக்கும். அந்த மரபணு எங்கேயிருந்து வந்தது தெரியுமா? ஒடிசா விவசாயிகள் காலங்காலமா வெச்சிருந்த ஒரு நாட்டு நெல்லுல இருந்து! பாட்டி விதையைப் பத்திரமா வெச்சதாலதான் பேத்தியால லேப்ல கண்டுபிடிக்க முடிஞ்சது. உவர் மண்ணுக்குன்னே நம்மகிட்ட குழிவெடிச்சான், களர்பாலைன்னு ரகங்கள் இருக்கு. கடல் ஏறி வர்ற காலத்துல அதுங்க தொலைஞ்சா, நாளைக்கு எந்த லேப்பும் எதை வெச்சு ஆராயும்?

நம்ம ஊர்ல 'காய்ச்சலும் பாய்ச்சலும்'னு சொல்வாங்க. வயலைக் கொஞ்சம் காயவிட்டு அப்புறம் தண்ணி பாய்ச்சறது. இதுக்கு ஒரு அடி நீள பி.வி.சி. குழாயில ஓட்டை போட்டு வயல்ல பாதி புதைச்சா போதும். உள்ளே தண்ணி அரை அடி கீழே இறங்கினதும் மோட்டாரைப் போடலாம். தண்ணி 30 சதவீதம் வரைக்கும் மிச்சம், தேங்கின வயல்ல இருந்து கிளம்பற மீத்தேன் வாயுவும் நல்லாக் குறையும். போர் தண்ணி பாயற ரெண்டு மாவுல இதை நானே செஞ்சு வெச்சிருக்கேன். செலவு, ஒரு சினிமா டிக்கெட்டை விடக் கம்மி!

அப்பா இன்னும் 'விக்க மாட்டேன்'னு சொல்லலை. ஆனா இந்த வருஷம் ஒரு மா, மூணு மா ஆகியிருக்கு. கொள்முதல் நிலையத்துல இந்த நெல்லுக்குன்னு தனி விலை கிடையாது. அதனால அரிசியாக்கி நாங்களே விக்கறோம். போன மாசம் ஒரு அறுபதாம் கல்யாணத்துக்கு, தாம்பூலத்தோட அரைக் கிலோ மாப்பிள்ளைச் சம்பா அரிசி, மஞ்சப்பையில. நூறு பைக்கு ஆர்டர் பிடிச்சது யாருன்னு நினைக்கறீங்க? பந்தி பரிமாறப் போன நான்தான்!

எனக்குக் கிடைச்ச விடை இதுதான் ஃப்ரெண்ட்ஸ். 'க்ரீன்', 'ஈகோ'ன்னு யார் எதை நீட்டினாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: 'இது எங்கே திரும்பிப் போகும்?' வாழையிலை மண்ணுக்குத் திரும்பும். விதை ரெண்டு மடங்கா அடுத்தவர் கைக்குத் திரும்பும். பதில் சொல்ல முடியாத பொருளை வாங்காதீங்க.

அடுத்த மாசம் உங்க காலேஜ்ல கல்ச்சுரல்ஸா? ஃப்ளெக்ஸுக்குப் பதிலா துணி பேனர், பேப்பர் கப்புக்குப் பதிலா மெஸ்ல இருக்கிற எவர்சில்வர் டம்ளர். கழுவ ஆள் இல்லைன்னா வாலண்டியர் லிஸ்ட்ல முதல் பேரா உங்க பேரை எழுதுங்க. சொந்த ஊர்ல நிலம் இருக்கிறவங்க, பொங்கல் லீவுக்குப் போகும்போது ஒரே ஒரு மா கேட்டுப் பாருங்க.

விதைநெல்லுக்கு என்ன பண்றதா? ரெண்டு கிலோ நான் தர்றேன். கண்டிஷன்தான் தெரியுமே!