கயிற்றின் மேல் ஒரு கள்ளுத் தோட்டம்

சிலாபத்திலிருந்து நீர்கொழும்பு வீதியில் தெற்கே வந்து, மாரவிலவை நெருங்கும்போது கடற்கரைப் பக்கம் திரும்பினால் தென்னந்தோட்டங்களின் உச்சியில் கயிறு ஓடுவது தெரியும். மரத்துக்கு மரம் இரண்டு தும்புக்கயிறு. கீழ்க்கயிற்றில் கால், மேற்கயிற்றில் கை. காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது சீவல்காரர் ஏற்கெனவே மேலே இருந்தார். ஏறுவதற்கென்று ஒரு மரத்தில் மட்டும் தேங்காய் மட்டைகளைப் படிப்படியாகக் கட்டியிருந்தார்கள். அதில் ஒருமுறை ஏறினால் போதும், மற்ற மரங்களுக்கெல்லாம் கயிற்று நடைதான். ஒவ்வொன்றாக ஏறி இறங்கினால் வெயில் ஏறிவிடும், கள்ளும் புளித்துவிடும்.

மேலிருந்து கயிற்றில் இறங்கிய சுரைக்குடுக்கையைக் கீழே நின்ற அவரது மைத்துனர் வாங்கி, பன்னாடையில் வடித்துக் கலனில் ஊற்றினார். வண்டும் தேனீயும் பன்னாடையில் தங்கின. வெள்ளை நுரை கலனின் வாய்வரை பொங்கியது. கொஞ்சம் வாங்கிக் குடித்துப் பார்த்தேன். முதலில் இனிப்பு, பிறகு நாக்கில் சுருக்கென்று ஒரு புளிப்பு.

வேலை முடிந்து இறங்கியவர், கைக்கெட்டும் குட்டை மரமொன்றில் பாளையைக் காட்டினார். இன்னும் வெடிக்காத பாளை அது. விரியாதபடி அடியிலிருந்து நுனிவரை நாரால் இறுக்கிச் சுற்றியிருந்தது. அதை மெல்லத் தட்டித் தட்டி, நுனியைச் சீவிச் சீவி, சில நாள் பழக்கிய பிறகுதான் சொட்டத் தொடங்குமாம். "அடி பலமா விழுந்தா பாளை அழுகிடும் ஐயா. சீவுறது தாள் கனம்தான் இருக்கணும். கூடச் சீவினா பாளை சீக்கிரம் முடிஞ்சிடும், சீவாம விட்டா வாய் அடைச்சிடும்" என்றார். வளைந்த கத்தியை ஒரே இழுப்பாக இழுத்தார். வெட்டுவாயில் உடனே ஈரம் பனித்தது.

பாளையிலிருந்து சொட்டும் சாற்றில் ஏறக்குறைய 15 சதவீதம் சர்க்கரை. யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. காற்றிலும் பாளையிலும் நேற்றைய முட்டியிலும் ஒட்டியிருப்பதே வேலையைத் தொடங்கிவிடும். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் புளிப்பு தடைப்பட்டு இனிப்பான பதநீர் கிடைக்கும். தடவாவிட்டால் சில மணி நேரத்திலேயே கள். இன்னும் சில நாள் விட்டால் காடி.

ஈஸ்ட் போடாமல் தானாகப் புளிக்கவிடும் இதே முறைக்குப் பிரான்சில் தனி மதிப்பு. போஜொலே பகுதியின் மோர்கொன் கிராமத்தில் மார்சேல் லாபியேர் என்ற திராட்சை விவசாயி, ஜூல் ஷோவே என்ற வைன் அறிஞரின் வழியைப் பின்பற்றி, 1980களில் வாங்கிப் போடும் ஈஸ்டையும் பூச்சிமருந்தையும் கைவிட்டு, கந்தகத்தையும் முடிந்தவரை ஒதுக்கிச் சிவப்பு வைன் செய்தார். இன்று அந்த வழியில் செய்யும் சிறு தோட்டத்து வைனைத் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். 'ஆர்கானிக் வைன்' என்று லேபிளில் போட ஐரோப்பிய ஒன்றியம் 2012இல்தான் விதி வகுத்தது. இனிப்பற்ற சிவப்பு வைனில் சல்பைட் லீற்றருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது அதில் ஒன்று. போத்தலில் ஆண்டுக்கணக்கில் இருந்து ஊர் ஊராகப் போகும் பொருளுக்கு அப்படியொரு சான்றிதழ் தேவைதான்.

கள்ளுக்கு அந்த ஆயுள் இல்லை. அதனால்தான் மாரவிலக் கள்ளில் கொஞ்சம் பக்கத்துத் தவறணைக்கும், பெரும்பகுதி லொறியேறி வடிசாலைக்கும் போகிறது. புளிப்பு முற்றுமுன் காய்ச்சினால்தான் நல்ல சாராயம். வடித்ததை ஹல்மில்ல மரப் பீப்பாய்களில் ஊறவைப்பார்கள். ஆனால் பல தோட்டத்துக் கள் ஒரே தொட்டியில் விழும் அந்தக் கணத்தில், எந்த ஊர், எந்த மண், யார் கத்தி என்பதெல்லாம் கரைந்துபோகிறது. சீனியும் யூரியாவும் கலந்து செய்யும் செயற்கைக் கள்ளும் அந்தக் கூட்டத்தில் எளிதாக ஒளிந்துகொள்ளும். இந்த மாவட்டத்தில் அப்படிப்பட்ட கள் பிடிபட்ட செய்தி அவ்வப்போது வரும்.

மோர்கொன் விவசாயி தன் பழத்தைத் தானே வைனாக்கி, தன் பெயரிலேயே போத்தலில் அடைக்கலாம். இங்கே 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி சீவவும் விற்கவும் காய்ச்சவும் தனித்தனி அனுமதி வேண்டும். சிறு தோட்டக்காரர் சாராயம் காய்ச்சுவது நடக்கிற காரியமல்ல. சீவும் பாளையில் காய் பிடிக்காது என்பதால், தேங்காய் விலை ஏறும்போது பாளையைக் காய்க்கே விட்டுவிடலாமா என்று அவர் யோசிப்பார். கயிற்றில் நடக்கப் பழகிய இளைஞர்களும் குறைந்து வருகிறார்கள்.

தென்னை ஆராய்ச்சி நிறுவனம் இங்கிருந்து அதிகத் தூரமில்லாத லுணுவிலவில் இருக்கிறது. மரத்தைப் பற்றிய அறிவுக்கு இந்தக் கரையில் பஞ்சமில்லை. ஒரு தோட்டத்துக் கள்ளை மட்டும் தனியாகக் காய்ச்சி, போத்தலில் ஊர்ப்பெயரையும் சீவிய மாதத்தையும் அச்சிட்டு விற்கச் சிறு அனுமதி ஒன்று கிடைத்தால், கலப்படக்காரருக்கு ஒளிய இடம் குறையும். பாளையைத் தாள் கனத்துக்குச் சீவும் கைக்கும் அதற்குரிய கூலி வரும்.