கழட்டுவதற்கு முன்னால்

தூத்துக்குடிக் காற்றில் உப்பு இருக்கிறது. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கதவுத் தாழ்ப்பாள் எதையும் அது விட்டுவைக்காது. கம்ப்யூட்டரையும் விட்டுவைக்கவில்லை. மழை ஓய்ந்து சுவரில் ஈரம் நிற்கிற மார்கழி நாட்களில்தான் டூவிபுரம் பக்கமிருந்து சித்தப்பாவுக்கு அதிகம் ஆள் வரும். "அண்ணாச்சி, ஃபேன் சுத்துது, லைட் எரியுது, ஸ்கிரீன்ல ஒண்ணும் வர மாட்டேங்கு" என்பார்கள். போய்ப் பார்த்தால், கேபினெட்டுக்குள்ளிருந்து நீளமான பீப் விட்டுவிட்டு வந்துகொண்டிருக்கும்.

சித்தப்பா ரேடியோ மெக்கானிக்காக இருந்து, டி.வி.க்குப் போய், பிறகு கம்ப்யூட்டருக்கு வந்தவர். எந்த இன்ஸ்டிடியூட்டிலும் படித்ததில்லை. நான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தாலே, "ஏல, அதக் கீழ வை. மொதல்ல காதக் குடு" என்பார். அன்றைக்கு எங்கள் பக்கத்து வீடுகளில் இருந்த மெஷின்களில் பீப் விட்டுக் கோளாறு சொல்லும் பயாஸ் பெரும்பாலும் அவார்டுதான். நீள பீப் தொடர்ந்து வந்தால் ராம். ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் டிஸ்ப்ளே கார்டு. ஒரே ஒரு குட்டை பீப் வந்துவிட்டால் மெஷின் தன்னைத் தானே சோதித்து முடித்துவிட்டது என்று பொருள். கோளாறு அதற்கு அப்பால், ஹார்ட் டிஸ்க்கிலோ விண்டோஸிலோ. எது வரைக்கும் போய் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் எதையும் கழட்டக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார்.

ராம் என்றால் வேலை சுலபம். பவர் கேபிளைப் பிடுங்குவார். கேபினெட்டின் இரும்பைத் தொட்டு உடம்பிலிருக்கும் ஸ்டாட்டிக்கைப் போக்கிக்கொள்வார். இரண்டு பக்க லாக்கையும் விரலால் தள்ளினால் ராம் தானாக மேலே எழும்பும். அதன் அடிவிளிம்பில் வரிசையாக மின்னும் தங்கமுலாம் தகடுகளை எங்கள் பள்ளிக்கூட அழிரப்பரால் ஒரே திசையில், அழுத்தாமல், தேய்ப்பார். ரப்பர் கறுக்கும். துகள்களைப் பிரஷால் தட்டிவிட்டு, பள்ளம் எந்தப் பக்கம் என்று பார்த்து ஸ்லாட்டில் வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் அமுக்குவார். இரு பக்கமும் 'டக்' என்று விழ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் மறுபடி எடுப்பார். இந்த வேலைக்கு அவர் பல வீடுகளில் காபியோடு சரி, காசு வாங்கியதில்லை.

காசு வாங்கிய வேலை கண்டன்சர் மாற்றுவது. கெபாசிட்டர் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. 2000-களின் முதல் பாதியில் வந்த மதர்போர்டுகள் பலவற்றில் உலகம் முழுக்கவே அந்தக் கோளாறு இருந்தது. உள்ளே ஊற்றிய எலெக்ட்ரோலைட்டின் சேர்மானம் தப்பு. சூட்டில் வாயு உண்டாகி, தட்டையாக இருக்க வேண்டிய தலை பூரியாக உப்பி, சிலதில் பழுப்பாகக் கசிந்தும் இருக்கும். அப்படிப்பட்ட மெஷின் காலையில் ஆன் ஆகாது. திரும்பத் திரும்ப சுவிட்சைத் தட்டினால் எழும்பும். கொஞ்ச நேரம் ஓடி, டைப் அடித்துக்கொண்டிருக்கும்போதே உறைந்துவிடும். வைரஸ் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். ஃபார்மட் போட்ட பிறகும் அதே கதை. சித்தப்பா பிராசசருக்குப் பக்கத்தில் டார்ச் அடித்துப் பார்த்த உடனே சொல்லிவிடுவார். 6.3 வோல்ட், 1000 மைக்ரோஃபாரட், 105 டிகிரி தாங்குவது என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து என்னைக் கடைக்கு அனுப்புவார். பட்டை போட்ட பக்கம் நெகட்டிவ். மாற்றிப் பற்றவைத்தால் வெடிக்கும். "போர்டு போச்சு, புதுசு மாத்துங்க" என்று கடைக்காரர்கள் ஒதுக்கிய எத்தனையோ போர்டுகள் ரேடியோக் காலத்துப் பற்றுக்கோலில் பிழைத்தன. அந்தக் கைவேலைக்கு உரிய மரியாதை அவருக்குக் கிடைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

கழட்டவே தேவையில்லாத கோளாறும் ஒன்று வந்தது. 2003 ஆகஸ்ட். நெட் கனெக்ட் செய்த சற்று நேரத்தில் ஒரு பெட்டி முளைத்து, 60 விநாடி எண்ணி, மெஷினை அணைத்துவிடும். மறுபடி எழும், மறுபடி அணையும். பவர் சப்ளை (எஸ்.எம்.பி.எஸ்.) போய்விட்டது என்று ஒருவர், ராம் என்று ஒருவர். சித்தப்பா டெலிபோன் வயரைப் பிடுங்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். அணையவில்லை. "வெளியே இருந்துதாம்ல வருது" என்றார். அது பிளாஸ்டர் என்ற புழு. விண்டோஸ் எக்ஸ்பி, 2000 இரண்டிலும் இருந்த ஓட்டை வழியாகத் தானே நுழைந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் ஜூலையிலேயே வெளியிட்டிருந்தது. டயல்-அப் வைத்திருந்த எங்கள் தெருவில் அதை யார் இறக்கிப் போட்டார்கள்! எண்ணிக்கை ஓடும்போதே ரன்னில் 'ஷட்டவுன் மைனஸ் ஏ' அடித்தால் நின்றுவிடும் என்பதை அந்த வாரம் தெருவே கற்றுக்கொண்டது.

சித்தப்பா நாகர்கோவிலில் ஒரு வேலையாக இருந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டு மெஷின் நீலத் திரையில் நின்றது. கடையிலிருந்து வந்தவர் சி.டி.யைப் போட்டு, ஃபார்மட் செய்து, மாலைக்குள் கிளப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். எந்தக் குறையும் சொல்ல முடியாத மாதிரி ஓடியது. அப்பா உப்பளக் கணக்கைத் திறந்தார். டி டிரைவில் வைத்திருந்ததால் ஃபைல் இருந்தது. ஆனால் தமிழ் இல்லை. பாமினி எழுத்துருவில் அடித்த பெயர்கள், பாக்கி, லோடு விவரம் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடந்தன. எழுத்துரு இருப்பது சி டிரைவில், விண்டோஸுக்குள்ளே. ஃபார்மட்டோடு அது போய்விட்டது. ஒரு டி.டி.பி. சென்டரிலிருந்து பாமினியை ஃப்ளாப்பியில் வாங்கி வந்து போட்டதும் அத்தனை பெயரும் ஒரே நொடியில் தமிழுக்குத் திரும்பின. அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அக்காவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவளுடைய கடைசி வருட ப்ராஜெக்ட் மை டாக்குமென்ட்ஸில் இருந்தது. மை டாக்குமென்ட்ஸும் டெஸ்க்டாப்பும் சி டிரைவில்தான் இருக்கின்றன. அங்கே ஏதாவது உண்டா என்று ஃபார்மட் போட வந்தவர் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கையெழுத்துக் குறிப்புகளை வைத்து முதலிலிருந்து அடித்தாள். சாப்பாட்டுத் தட்டைக் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே அம்மா கொண்டு வைப்பாள்.

சித்தப்பா திரும்பி வந்து அதிகம் பேசவில்லை. தன் பையிலிருந்து நாப்பிக்ஸ் சி.டி.யை எடுத்து எங்கள் மேஜை இழுப்பறையில் போட்டார். ஜெர்மனியில் கிளவுஸ் நாப்பர் 2000-ல் உருவாக்கியது. ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் சி.டி.யிலிருந்தே ஒரு லினக்ஸ் எழும்பும். விண்டோஸ் செத்துக் கிடந்தாலும் ஃபைல்கள் கண்ணுக்குத் தெரியும். வேறு டிஸ்க்குக்கு எடுத்துக்கொள்ளலாம். பின்னொரு நாள், கிளம்பாத ஒரு மெஷினுக்குள் எல்லாம் பத்திரமாக இருப்பதை முதல் தடவை பார்த்தபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இதை ஏன் எல்லா மெக்கானிக்கும் பையில் வைத்திருக்கவில்லை என்று கேட்டாள். இன்றும் நியாயமான கேள்வி.

2012-ல் கரண்ட் போகாத மணி நேரமே அபூர்வம். 1050 மெகாவாட் அனல்மின் நிலையம் இருக்கிற ஊரில் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். எழுதிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க் நின்றால் 'அன்மவுண்டபிள் பூட் வால்யூம்' என்று நீலத் திரை வரும். செக்டிஸ்க் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும். ஆனால் டிஸ்க்கே சாகிற நிலையில் இருந்தால், செக்டிஸ்க் அதை விடிய விடிய உருட்டிக் கொன்றுவிடும். 'டக்... டக்...' என்று தலை தட்டும் சத்தம் கேட்டால் சித்தப்பா மெஷினை உடனே அணைத்துவிடுவார். முக்கியமான ஃபைல் எது என்று வீட்டுக்காரரிடம் கேட்டு, அதை முதலில் எடுப்பார். ரிப்பேர் அதற்குப் பிறகு.

அக்கா இப்போது கோயம்புத்தூரில் டீச்சர். போன மாதம் போன் செய்தாள். லேப்டாப்பில் பயாஸ் அப்டேட் ஓடியதாம். அதன் பிறகு விண்டோஸுக்குள் போகாமல் பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்டு நிற்கிறதாம். "கடையில ஃபார்மட் போட்டா சரியாயிரும்ங்கான். நான் குடுக்கல தம்பி, வாங்கிட்டு வந்துட்டேன்" என்றாள். டிஸ்க் முழுக்கப் பூட்டியிருப்பதால் சாவி இல்லாமல் லினக்ஸ் சி.டி.யும் இங்கே உதவாது. அவளுடைய மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் போனிலிருந்து நுழைந்து பார்க்கச் சொன்னேன். இருந்தது: 48 இலக்கம், ஆறு ஆறாக எட்டுக் கொத்து. நான் லைனிலேயே இருந்தேன். ஒவ்வொரு கொத்தாக வாய்விட்டுப் படித்து அடித்தாள். திறந்தது. வினாத்தாள்கள், பிள்ளைகளின் ஃபோட்டோ எல்லாவற்றையும் எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்குக் காப்பி செய்யப் போட்டுவிட்டு, அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். காப்பி முடிந்த பிறகுதான், "சரி, அந்த பயாஸ் என்ன பண்ணிச்சு, சொல்லு" என்று கேட்டாள்.